பொருந்திய தோட்டா

"வேற கம்பெனிதான், ஆனா கரெக்டா ஒக்காருதே மேடம், எடுத்துக்குங்க" என்றார் மைசூர்ச் சந்தையின் பாத்திரக் கடைக்காரர். ஒருவருக்கு மட்டும் சமைக்கும் என் சிறு குக்கரின் மூடியில் அவர் ரப்பர் வளையத்தைப் பொருத்திக் காட்டினார். என் சிறுவயதில் சுப்பண்ணன் மாமாவும் இதையேதான் சொன்னார்.

காவல்படையின் ஆயுதக்கூடத்தில் துப்பாக்கிகளைப் பழுதுபார்த்த அப்பாவுக்கு இவ்வூரில் இருந்த ஒரே நண்பர் அவர். தமிழக எல்லையோரக் கிராமமான கௌதள்ளிக்காரர். ஒரு ஞாயிறன்று, தம் தந்தை விட்டுச்சென்ற பழைய போர்த் துப்பாக்கியையும் புதிதாக வாங்கிய தோட்டாக்களையும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கூடமெங்கும் எண்ணெயும் பித்தளையும் மணத்தன.

"பாருப்பா, எப்படி ஒக்காருது!"

"ஒக்காரும். வெடிச்சா இரும்பு தாங்காது. இது அந்தக் காலத்துத் தோட்டாவோட அழுத்தத்துக்குச் செஞ்சது. புதுசுல அழுத்தம் அதிகம். ஒடஞ்சு உன் மூஞ்சிக்குத்தான் வரும்."

"பொறாமைடா உனக்கு!" மாமா சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. தோட்டாவை அடைத்துப் பூட்டும் போல்ட்டை உருவித் தம் மடியில் வைத்துக்கொண்டார். "தோட்டாவத் திருப்பிக் குடுத்துட்டு வா, தர்றேன்."

மாமாவின் முகம் கறுத்தது. "எங்கப்பன் துப்பாக்கிக்கு நீ யாருடா? இனி உன் வாசல மிதிக்கமாட்டேன்."

சொன்னபடியே அவர் வரவில்லை; போல்ட்டும் அப்பாவிடமே தங்கிவிட்டது. ஞாயிறுகளில் அப்பா கூடத்தில் தனியாக அமர்ந்திருப்பார்.

சில ஆண்டுகளுக்குப் பின், தசரா ஊர்வலத்தில் தெருவின் எதிர்ப்பக்கம் மாமா நின்றார். அப்பா நெடுநேரம் பார்த்தார்.

"அவன் கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்றார் என்னிடம். பிறகு அவரைக் கூப்பிடாமலே வீட்டுக்குத் திரும்பினார்.