பாலில் கிடந்த பல்

பெண் பார்க்கப் போக வேண்டிய நாளின் காலையில்தான் நான் மிளகு மூட்டைக் கயிற்றைப் பல்லால் அவிழ்க்கப் பார்த்தேன். அதற்கு முன் எத்தனையோ மூட்டைகளை அப்படி அவிழ்த்திருக்கிறேன். அன்று கயிறு அசையவில்லை. டக்கென்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. நாக்கால் துழாவினேன். மேல்வரிசை முன்பல்லில் பாதியைக் காணோம்.

கரடியூரில் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டமும் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகும் உண்டு. எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. பார்த்த இடமெல்லாம், "மலைமேலயா?" என்று ஒரு கேள்வி கேட்டே தட்டிப்போய்க்கொண்டிருந்தது. கடைசியாக அடிவாரத்தில் ஒரு பெண்வீட்டார் வரச் சொல்லியிருந்தார்கள். பெண் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

அம்மா என் வாயைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "இன்னிக்குத்தானா சாமி இது நடக்கோணும்?"

பக்கத்துத் தோட்டக்காரரிடம் சேலத்துப் பல் டாக்டர் ஒருவரின் போன் நம்பர் இருந்தது. டாக்டர் கொஞ்சமும் பதறவில்லை. "உடைஞ்ச துண்டு கெடைச்சுதுங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். கீழே சிந்திக் கிடந்த கறுப்பு மிளகுக்கு நடுவில் வெள்ளைத் துண்டைத் தேடுவது சிரமமாக இல்லை. "தேய்ச்சுக் கழுவாதீங்க. பால்ல போட்டு எடுத்துட்டு வாங்க. காயாம இருந்தா அதையே ஒட்டிரலாம். இன்னிக்கே வந்துருங்க."

உடனே சேலம் போகலாம் என்றேன். வண்டி ஏறத் தயாராக வந்து நின்ற என் தாய்மாமன் ஒத்துக்கொள்ளவில்லை. "நல்ல நேரம் போயிருமுங்கக்கா. மொதல்ல பொண்ணு ஊடு, அப்புறம் பல்லு. அதுவரைக்கும் இவன் வாயைத் தொறக்காம இருந்தாப் போதும்" என்று அம்மாவிடம் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

ஒரு சின்ன பாட்டிலில் பாதிக்குப் பாலை ஊற்றித் துண்டை அதில் போட்டோம். பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி மூடிக்கொள்ள மாட்டேனென்றது. ஒவ்வொரு வளைவிலும் குளிர்காற்று உடைந்த பல்லில் புகுந்து மண்டைவரை சுர்ரென்று ஏறியது. அம்மா பாட்டில் இருந்த பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள்.

பெண்வீட்டில் எல்லோரும் நல்லபடியாக வரவேற்றார்கள். நான் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு கும்பிட்டேன். பெண்ணின் அப்பா, "தோட்டத்துல இந்த வருசம் காப்பி எப்படிங்க?" என்று கேட்டார். தலையாட்டினேன். "மழை உண்டுங்களா?" அதற்கும் தலையாட்டினேன்.

"மாப்பிள்ளை நொம்ப அடக்கமுங்க. அவசியமில்லாம பேச மாட்டாரு" என்றார் மாமா.

எதிரே உட்கார்ந்திருந்த பெண் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒன்றும் பிடிபடவில்லை. காப்பி கலக்கிறேன் என்று எழுந்து உள்ளே போனாள்.

நாங்கள் கொண்டுபோன பழத்தட்டை எடுக்க வந்த பெண்ணின் அம்மா, பக்கத்தில் இருந்த எங்கள் பையையும் கையில் எடுத்தார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, பாலெல்லாம் எதுக்குங்க கொண்டாந்தீங்க?" என்றார்.

மாமா மிரண்டுபோய், சமாளிப்பதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "நம்ம ஊட்டு மாட்டுப் பாலுங்க. காப்பிக்கு நல்லா இருக்கும்."

பாட்டில் சமையலறைக்குள் போனது. நான் மாமாவைப் பார்த்தேன். மாமா விட்டத்தைப் பார்த்தார். உள்ளே ஏதோ பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. அடுத்து அடுப்புப் பற்றவைக்கும் சத்தம்.

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்று கத்தினேன். "அந்தப் பால்ல என் பல்லு இருக்குதுங்க!"

அந்த வீட்டில் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். வாய் அகலத் திறந்திருந்ததால் காலி இடமும் எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்திருக்கும். பெண்ணின் அப்பா நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

சமையலறை வாசலில் அந்தப் பெண் வந்து நின்றாள். கையில் டீ வடிகட்டி. அதன் நடுவில் என் பல்.

"இதுங்களா? கல்லுன்னு நெனைச்சு வெளிய போடப் பாத்தேன்."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவள் அம்மா அதட்டிப் பார்த்து, பிறகு தானும் சேர்ந்துகொண்டார். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். உடைந்த பல் வழியாகக் காற்றுப் போய், பாதி வார்த்தை விசிலாக வந்தது.

அவளே துண்டைப் பழையபடி பாட்டில் பாலில் போட்டு மூடிக் கொண்டுவந்து கொடுத்தாள். "மொதல்ல டாக்டர்கிட்டப் போங்க. நான் எங்கயும் போயிர மாட்டேன்."

அவள் அப்பாவே ஸ்கூட்டரில் என்னைச் சேலத்துக்குக் கூட்டிப்போனார். டாக்டர் துண்டைப் பொருத்தி, பசை தடவி, நீல வெளிச்சம் காட்டி ஒட்டினார். கண்ணாடியில் பார்த்தபோது மயிரிழை போல ஒரு கோடு மட்டும் தெரிந்தது.

திரும்பி வந்தபோது அம்மாவும் மாமாவும் அங்கேயே சாப்பிட்டு முடித்து, சொந்த வீட்டில் இருப்பது போல் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் என் எதிரே வந்து, "எங்க, சிரிங்க பாக்கலாம்" என்றாள். சிரித்தேன். பரீட்சைத் தாளைப் பார்ப்பது போல் பார்த்துவிட்டு, "பரவால்லீங்க" என்றாள்.

அடுத்த தையில் கல்யாணம். கரடியூருக்கு வந்து சில மாதம் கழித்துத்தான் அவள் ஒரு விஷயத்தைச் சொன்னாள். "சாமியார் மாதிரி உக்காந்திருந்தீங்க. இந்த ஆளோட எப்படிக் காலந்தள்ளறதுன்னு நெனைச்சேன். காப்பியைக் குடுத்தனுப்பிட்டு வேண்டாம்னு சொல்லிரலாம்னுதான் உள்ள போனேன்."