பாலக்கோட்டுப் பக்கம் ஒரு ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு

தருமபுரி மாவட்டம் என்றால் என்னிடம் எல்லோரும் தீர்த்தமலைக்குத்தான் வழி கேட்பார்கள். போன வாரம் ஒரு வாசகர் வித்தியாசமாகக் கேட்டிருந்தார். அவரும் நண்பர்களும் ஒரு ராக் குழு வைத்திருக்கிறார்களாம். பாலக்கோட்டுப் பக்கம் ஒரு கிராமத்துத் திருவிழாவில் வாசிக்கப் போகிறார்களாம். கிட்டார், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் கொண்டுபோவதில் என்ன கவனிக்க வேண்டும் என்று கேட்டார். நான் ஒரே ஒரு முறை அப்படிப் போயிருக்கிறேன். 1987, மே மாதக் கடைசி. இத்தனை நாள் அதைப் பற்றி நான் எழுதாததற்குக் காரணம் உண்டு. அது போகப்போகத் தெரியும்.

அப்போது எனக்கு பெங்களூரில் ரேடியோ ரிப்பேர் கடை. கூட வந்தவன் அந்தோணி. நான் போன ஊர் அவனுடைய ஊர்தான். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். பாலக்கோட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் என்பதோடு விட்டுவிடுகிறேன். 1979இல் ஃபிட்டர் வேலை பழக பெங்களூர் வந்தவன், மாதா கோயில் பாடகர் குழுவில் சேர்ந்து, அங்கே கிட்டாரைத் தொட்டு, இரண்டே வருடத்தில் வேலையை விட்டுவிட்டான். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஒருவரிடமிருந்து கழுத்தில் விரிசல் விட்ட எலக்ட்ரிக் கிட்டார் ஒன்றை வாங்கினான். விரிசலை நான் ஒட்டிக் கொடுத்தேன். ஆம்ப்ளிஃபயரும் நான் செய்ததுதான். நான்கு வால்வு, பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் இரண்டு, தேக்குப் பெட்டி, மொத்தம் இருபத்தெட்டு கிலோ. எடையைக் குறைக்கத் தெரியாத காலம். செத்துப்போன ஒரு டேப் ரிக்கார்டரைப் பிரித்து எதிரொலிக்கு ஒரு பெட்டியும் பண்ணிக்கொடுத்தேன்.

கல்லூரி விழாக்கள், ஒரு ஹோட்டலில் ஞாயிறு மதியங்கள், இரண்டு முறை சென்னை, ஒரு முறை ஹைதராபாத். அவ்வளவுதான் அவனுடைய ஏற்றம். ஆனால் கேட்டவர்கள் மறக்கவில்லை. 1986 கடைசியில் அவன் குரலில் ஒரு கரகரப்பு வந்தது. ராக் பாடுகிறவனுக்கு அது அழகு என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். மைக்கில் அந்தக் கரகரப்பு நன்றாக எடுக்க வேண்டும் என்று ஒரு கண்டென்சரைக்கூட மாற்றிப் போட்டேன். ஆறு மாதம் இப்படிக் கைதட்டியே கழித்தோம். டாக்டரிடம் போனபோது குரல்வளையில் கட்டி, புற்று, மொத்தமாக எடுத்துவிட வேண்டும் என்றார்கள். வேறு எந்தத் தொழில்காரன் என்றாலும் ஒரே மாதத்தில் தொண்டையைக் காட்டப் போயிருப்பான். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆபரேஷன் அடுத்த வியாழக்கிழமை. ஊரில் மாதா கோயில் திருவிழா அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் ஒரு முறை அப்பா முன்னால் பாடிவிட வேண்டும் என்றான். வேலையை விட்ட நாளிலிருந்து அவனுடைய அப்பா சவரிமுத்து அவனோடு சரியாகப் பேசியதில்லை. மகன் பாடி ஒரு வரிகூடக் கேட்டதில்லை. வியாதியைப் பற்றி வீட்டில் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். இரக்கப்பட்டு யாரும் தன் பாட்டைக் கேட்க வேண்டாம் என்பது அவன் கட்சி.

ஞாயிறு காலை 5.40க்கு பெங்களூரில் பஸ். ஓசூர் நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் நான்கு ரூபாய், பெட்டிக்கு லக்கேஜ் இரண்டு ரூபாய். அவனுடைய ராக் குழுவில் மற்ற இருவரும் வரவில்லை. குரலைச் சேமிக்க அந்தோணி வழியெல்லாம் வாயே திறக்கவில்லை. எது வேண்டுமானாலும் சட்டைப்பையில் இருந்த சின்ன நோட்டில் எழுதிக் காட்டினான். ஊமையா என்று ஓசூர் கண்டக்டர் என்னிடம் தாழ்ந்த குரலில் விசாரித்தார். நான் டிக்கெட்டுக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்தேன். 7.45க்கு ராயக்கோட்டை வழியாகப் பாலக்கோடு பஸ், சுமார் ஐம்பத்தைந்து கிலோமீட்டர், ஐந்தரை ரூபாய். பத்து மணிக்குப் பாலக்கோடு. பெட்டியைப் பஸ் கூரையில் போடவிடாதீர்கள். இந்த பஸ்ஸில் நான் அதற்கென்றே இரண்டு சீட் டிக்கெட் எடுத்துப் பக்கத்திலேயே உட்கார வைத்தேன். ராயக்கோட்டைச் சாலையின் குலுக்கலுக்கு வால்வு தாங்காது.

பாலக்கோட்டிலிருந்து ஊருக்கு பஸ் பன்னிரண்டரைக்குத்தான். தக்காளி மார்க்கெட்டில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும் டிராக்டர் ஒன்று கிடைத்தது. டிரைவர் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"என்னங்க இது, பீரோவுங்களா?"

கிட்டார் வாசிக்கிற பெட்டி என்றேன். அவர் நம்பவில்லை. இருந்தாலும் காலிக் கூடைகளை அடுக்கி நடுவில் மெத்தைபோல இடம் செய்து கொடுத்தார். காசு வாங்கவில்லை, டீ மட்டும் குடித்தார். அடுத்த ஒரு வருடம் அந்தப் பெட்டி சூடாகும்போதெல்லாம் கடையில் தக்காளி வாசனை வரும்.

பதினொன்றரைக்கு ஊர் சேர்ந்தோம். கோயில் சின்னது, சுற்றிலும் வயல். முன்னால் பந்தல், புளியமரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர். ஐந்தரைக்குப் பூசை, இருட்டினதும் தேர். அதனால் நாலேகாலிலிருந்து ஐந்தேகால் வரை பாடிக்கொள்ளலாம் என்று பங்குச் சாமியார் சொன்னார். அந்தோணி வீட்டுக்குள் போனான். சவரிமுத்து வெளியே வந்தார். "சாப்பிட்டீங்களா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். உயரமான மனிதர், காக்கி அரை டிராயர், தலையில் துண்டு. மகனை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

மூன்று மணிக்கு ஆம்ப்ளிஃபயரை மாட்டிப் பார்த்தேன். வால்வுகள் அணையப்போகிற கொள்ளிபோல மங்கலாகச் சிவந்தன. கிட்டாரைத் தட்டினால் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு முனகல். ஸ்டெபிலைசரில் இருக்கும் மீட்டரைப் பார்த்தேன். முள் 140இல் நின்றது. குறைந்தது 170 வோல்ட் வந்தால்தான் அது 220 ஆக்கித் தரும். அதற்குக் கீழே போனால் கையை விரித்துவிடும். மைக் செட் முனுசாமி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மோட்டார் ஓடற நேரமுங்க சார். பன்னண்டுல இருந்து ஆறு வரைக்கும்தான் மூணு பேஸ் கரண்டு உடுவான். எல்லாக் கெணத்துலயும் போட்டுருவாங்க. இப்ப கரண்டுல உசுரு இருக்காது. எங்க செட்டு பேட்டரில ஓடும். உங்க பொட்டி ஓடாது."

அந்த டிரான்ஸ்ஃபார்மரில் மொத்தம் பதினோரு கிணறு. நானும் முனுசாமியும் வரப்போடு நடந்து ஒவ்வொரு தோட்டமாகப் போய்க் கேட்டோம். மே மாதத்தில் ஆறு மணி நேரக் கரண்டில் ஒரு மணி நேரத்தை விட்டுக்கொடு என்று கேட்பது சின்ன விஷயம் அல்ல. இரண்டு பாத்திக்குத் தண்ணீர் எட்டாது. ஆனாலும் முதல் பத்துக் கிணற்றில் மறுத்தவர்கள் இல்லை. மாதா கோயிலுக்கு வருகிற குடும்பங்கள் சரி என்றன. மாரியம்மன் கோயில் தெருக்காரர்கள் நான்கு பேரும் சரி என்றார்கள். "நம்ம சவரிமுத்து பையன் பாடறானா, நிறுத்திரலாமுங்க" என்றார் ஒருவர், எதற்கு என்றுகூடக் கேட்காமல்.

கடைசியாகச் சவரிமுத்துவின் கிணறு. கோயிலிலிருந்து இருநூறு அடிதான் இருக்கும். மோட்டார் ரூமுக்குள் ஐந்து குதிரைசக்தி மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது; வாசலில் குழாய்த் தண்ணீர் தொட்டியில் விழுந்து இரைந்தது. அவர் எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, மடை திருப்பிக்கொண்டிருந்தார். நான் மோட்டாரைக் கையால் காட்டிக் கத்தி விஷயத்தைச் சொன்னேன். நிமிர்ந்து தொட்டியைக் காட்டினார், தக்காளியைக் காட்டினார், தலையை ஆட்டினார். முடியாது என்று அர்த்தம். மறுபடி குனிந்துகொண்டார்.

அங்கேதான் நான் சத்தியத்தை உடைத்தேன். முனுசாமி முன்னால் போய்விட்டிருந்தார். "வியாழக்கிழமை அந்தோணிக்குத் தொண்டையில் ஆபரேஷன். அதுக்கப்புறம் அவனால பேசவே முடியாது. பாடறது இன்னைக்குத்தான் கடைசி" என்று அவர் முதுகைப் பார்த்துச் சொன்னேன். மண்வெட்டி நிற்கவில்லை. அவர் திரும்பவில்லை. ஒரு மனிதன் இப்படியும் இருப்பானா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. திரும்பி நடந்தேன்.

நாலேகாலுக்குப் பத்து மோட்டார்கள் நின்றிருந்தன. முள் 162இல் இருந்தது. ஊரெல்லாம் கேட்டும் இவ்வளவுதான் ஏறியது. பாக்கி, கோயிலுக்கு வரும் அதே கம்பியில் ஓடும் அந்த ஒரு கிணறு. வேறு வழியில்லாமல் ஆரம்பித்தோம். என்னுடைய பேட்டரி டேப் ரிக்கார்டரை மேடை ஓரத்தில் வைத்துப் பதிவுப் பொத்தானை அழுத்தினேன். முதல் இரண்டும் ஆங்கிலப் பாட்டு. பெண்கள் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். கிட்டார் முனகியது. அந்தோணி மீதியை மிச்சமிருந்த குரலால் நிரப்பப் பார்த்தான், கழுத்து நரம்பு புடைத்தது. நான் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவனைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

மூன்றாவது பாட்டு அவனே எழுதியது, தமிழில். அப்பாவின் அந்தக் கிணறு வெட்டின கதை. முப்பதாவது அடியில் பாறை, முப்பத்தொன்றில் தண்ணீர் என்று வரும். இரண்டாம் சரணம் ஆரம்பித்தபோது முள் ஒரு துள்ளு துள்ளி 181க்குப் போனது. ஸ்டெபிலைசர் 'டக்' என்றது. வால்வுகள் பளிச்சென்று சிவந்தன. கிட்டார் வாயைத் திறந்தது. அந்தத் தேக்குப் பெட்டியிலிருந்து அப்படி ஒரு சத்தம் பெங்களூரில்கூட வந்ததில்லை. அந்தோணி என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் வயலைப் பார்த்தேன். குழாயில் தண்ணீர் நின்றிருந்தது. சவரிமுத்து மோட்டார் ரூம் வாசலில் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். மீதி நான்கு பாட்டும் முடியும் வரை அவர் அங்கிருந்து நகரவில்லை. கடைசிப் பாட்டு முடிந்ததும் உள்ளே போனார். முள் கீழே இறங்கியது.

கிட்டாரைப் பெட்டியில் வைக்கும்போது அந்தோணி, அந்த நாளில் முதல் முறையாக, பாட்டில்லாமல் பேசினான்.

"பாட்டு கேட்டு நிறுத்துனாருடா."

ஆமாம் என்றேன். நான் சொன்னதால்தான் நிறுத்தினார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் அழுதுகொண்டே சிரித்தான். வியாழக்கிழமை ஆபரேஷன் நடந்தது. உயிர் தங்கியது. ஆபரேஷன் பற்றிய கடிதம் ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் சவரிமுத்து வந்து பதினோரு நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அங்கே அவரும் நானும் பேசிக்கொண்டது குறைவு. நான் அவர் முகத்தைத் தவிர்த்தேன். அந்தோணி அதற்குப் பிறகு பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தான். அப்பா பாட்டைக் கேட்டு மோட்டாரை நிறுத்தினார் என்று அவன் நோட்டில் எழுதி யாருக்காவது காட்டும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

ஒரு வருடம் கழித்து, 1988 ஜூனில், அந்த கேசட்டைப் பிரதி எடுத்து அப்பாவிடம் கொடுத்துவிட்டு வா என்று அந்தோணி என்னை அனுப்பினான். அதே பஸ், ஓசூர் டிக்கெட் ஐம்பது பைசா ஏறியிருந்தது. சவரிமுத்து கேசட்டைத் துண்டில் முடிந்துகொண்டார். கரண்ட் இல்லாத நேரம், தோட்டம் அமைதியாக இருந்தது. பிறகு சொன்னார்:

"அன்னைக்கே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க. உங்களுக்குத் தெரிஞ்சுதானே இருந்துச்சு."

எனக்குப் புரியவில்லை. சொன்னேனே, இதே இடத்தில் நின்று சொன்னேனே என்றேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். மோட்டார் ஓடும்போது அந்த இடத்தில் இடி விழுந்தாலும் கேட்காதாம். நான் வந்து ஏதோ கேட்டதும், மோட்டாரை நிறுத்தச் சொல்கிறேன் என்று என் கையைப் பார்த்துப் புரிந்துகொண்டதும்தான் அவருக்குத் தெரியுமாம்.

"அப்புறம் ஏன் நிறுத்தினீங்க?"

அவர் மோட்டார் ரூமைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கோயில் பக்கத்துக் கடைசிப் பாத்திக்குத் தண்ணி பாக்கப் போனேனுங்க. கெணத்தப் பத்திப் பாடறான்னு ரெண்டு வார்த்தை காத்துல வந்துச்சுங்க. மோட்டார் ஓடுனா மீதி கேக்கல. அதான்."

பெங்களூர் திரும்பிய அன்றே அந்தோணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், சத்தியத்தை உடைத்ததையும் சேர்த்து. அவன் கேசட்டைப் போட்டு இரண்டாம் சரணத்துக்கு ஓட்டினான். அந்த இடத்தில் கிட்டார் பெரிதாகும். காது கொடுத்தால் 'டக்' என்பதும் கேட்கும். அதை அன்று மாலை ஏழு முறை கேட்டோம்.

வாசகருக்கு: பெட்டியைப் பஸ் கூரையில் போடாதீர்கள். ஸ்டெபிலைசரும் உபரி ஃபியூஸும் எடுத்துப் போங்கள். இப்போது கரண்ட் நேரங்கள் எப்படி என்று முதல் நாளே விசாரியுங்கள். மோட்டார் ஓடும் நேரம் என்றால் தோட்டம் தோட்டமாக நீங்களே நடந்து போய்க் கேளுங்கள், ஆள் அனுப்பாதீர்கள். உருக்கமான காரணம் ஏதாவது இருந்தால் அதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குப் பாட்டு, எதைப் பற்றிப் பாட்டு, அதை மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள்.