நூற்றாறாம் வீடு டு-லெட்

மயிலாப்பூரில் எந்த வீடு காலியானாலும் ‘டு-லெட்’ போர்டு எழுத லாசரைத்தான் கூப்பிடுவார்கள். எழுபத்திரண்டில் நானும் கூப்பிட்டேன், எங்கள் பள்ளியின் வேதியியல் ஆய்வகச் சுவரில் தனிம அட்டவணை எழுத. செம்பு, வெள்ளி, தங்கம் மூன்றும் ஒன்றின் கீழ் ஒன்றாக வந்ததும், "இது நகைக்கடை லைனு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நூற்றைந்தாவது தனிமத்துக்குப் பிறகு மூன்று கட்டங்களைக் காலியாக விடச் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால், மூன்றிலும் சிவப்பு எழுத்தில் ‘டு-லெட்’!

"யாரைக் கேட்டு எழுதினீங்க?" என்று கத்தினேன்.

"சொவத்துல காலி எடம் வுட்டா எவனாவது போஸ்டர் ஒட்டிட்டுப் பூடுவான் டீச்சர். இன்னும் யாரும் குடி வரலன்னுதானே வுட்டீங்க?"

எனக்கு வந்த கோபம் பாதியிலேயே நின்றது. நூறு வருஷத்துக்கு முன் இந்த அட்டவணையைப் போட்ட மெண்டலீவும் இதைத்தானே செய்தார்? அவர் விட்டுவைத்த கட்டத்தில்தான் பிற்பாடு ஜெர்மேனியம் வந்து உட்கார்ந்தது. அழிக்க வேண்டாம் என்றேன். அந்தப் பாடத்தில் அதற்கப்புறம் ஒருத்தியும் ஃபெயிலாகவில்லை.

எழுபத்து நாலில் நூற்றாறாவது தனிமம் கிடைத்துவிட்டதாகப் பேப்பரில் வந்தது. லாசருக்குச் சொல்லி அனுப்பினேன். பிரஷ்ஷோடு ஏணியில் ஏறியவரிடம், "பேர் எழுதாதீங்க, நம்பர் மட்டும் போதும். ரஷ்யாக்காரனும் அமெரிக்காக்காரனும் நான்தான் கண்டுபிடிச்சேன்னு சண்டை போடறாங்க" என்றேன்.

லாசர் அப்படியே இறங்கிவிட்டார்.

"ஒரே வூட்டுக்கு ரெண்டு பேரா? யாருன்னா ஒருத்தர் மொதல்ல பால் காய்ச்சட்டும் டீச்சர். அப்பால போர்டை அழிக்கிறேன்."