அத்தைக்குப் போன முன்சீட்

ஜீப்பின் முன்சீட்டில், அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழனி வரைக்கும் போக வேண்டியவள் நான். இதை அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். தம்பிக்கு மொட்டை போட்டுக் காது குத்தப் போகிறோம் என்று வீட்டில் பேச்சு எழுந்த கொஞ்ச நாளிலேயே அந்த இடம் எனக்கென்று முடிவாகிவிட்டது. யாரும் சலுகையாகக் கொடுக்கவில்லை, வேலை செய்து வாங்கினேன். அது என் கையை விட்டுப் போன விதத்தை நினைத்தால் இந்த வயதிலும் எனக்குக் காது சூடாகிறது.

அப்பா கொடைக்கானலில் ஒரு துரையிடம் டிரைவராக இருந்தார். அந்தத் துரையிடம் ஒரு கேரவன் இருந்தது. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற சக்கர வீடு. உள்ளே படுக்கை, மடக்கு மேசை, ஸ்டவ் வைக்க ஒரு மூலை, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை எல்லாம் உண்டு. லீவு வந்தால் துரை அதை இழுத்துக்கொண்டு காட்டோரமாகப் போய்த் தங்குவார். அவர் சொந்த நாட்டுக்குத் திரும்பியபோது அதை வாங்க ஒருவரும் முன்வராததால் அப்பாவிடமே விட்டுவிட்டுப் போனார். அப்பா அதை எங்கள் ஊரான பண்ணைக்காட்டுக்குக் கொண்டுவந்து, பெரியப்பாவின் காப்பிக் களத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். கேரவன் என்பது எங்கள் ஊர் வாயில் கூண்டு ஆயிற்று. அதில் கோழி அடைக்கலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். மழைக்காலத்தில் மிளகை உள்ளே பரப்பலாம் என்றாள் பெரியம்மா.

அப்பா எதற்கும் இடம் கொடுக்கவில்லை. கூண்டு வைத்திருப்பது பசுமாடு வைத்திருப்பது மாதிரி, கட்டிப்போட்டுவிட்டு மறந்துவிட முடியாது என்பார். மழை தொடங்கினால் நான்கு மூலையிலும் இருக்கும் இரும்புக் கால்களை இறக்கி, பாரத்தை டயரிலிருந்து எடுத்துவிடுவார். கூரையில் தகடும் தகடும் சேருகிற இடத்தில் பழைய வேட்டித் துணியை வைத்துத் தார் பூசுவார். வெயில் அடிக்கிற நாளில் ஜன்னலைத் திறந்து மெத்தையைக் காயவைக்காவிட்டால் எங்கள் மலையின் ஈரத்துக்கு அது காளான் பூத்துவிடும். சக்கரத்துக்குக் கிரீஸ் போட வேண்டும். ஸ்டவ்வில் மண்ணெண்ணெயை வைத்துக்கொண்டு கிளம்பக் கூடாது. ஜீப்போடு மாட்டுகிற கொக்கி என்னதான் இறுக்கமாக இருந்தாலும் கூடவே ஒரு சங்கிலியும் போட வேண்டும். இவ்வளவையும் வீட்டில் வேறு யாரும் காது கொடுத்துக் கேட்காததால் அப்பா என்னிடம் சொன்னார். நான் பாடம் மாதிரி மனப்பாடம் செய்தேன். கிரீஸ் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்று பாவாடையெல்லாம் கறையாக்கி அம்மாவிடம் அடியும் வாங்கினேன்.

எனக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். பழனிக்குப் போகும்போது கூண்டுக்குள் அந்தப் படுக்கையில் உட்கார்ந்து, திரையை ஒதுக்கி, ரோட்டில் போகிறவர்களைப் பார்க்க வேண்டும். அப்பா முடியவே முடியாது என்றார். கூண்டு ஓடும்போது உள்ளே ஆள் இருக்கக் கூடாது, அது துரை சொல்லிக்கொடுத்ததிலேயே முதல் விஷயம். நான் அழுது சாப்பிடாமல் கிடந்ததும் இறங்கிவந்து முன்சீட்டைக் கொடுத்தார். வெறும் சீட் இல்லை, ஒரு வேலையோடு கொடுத்தார். மலை இறங்கும்போது தலையை வெளியே நீட்டி, பின்னால் வருகிற கூண்டு ஆடுகிறதா என்று பார்த்துச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். ஆடினால் உடனே பிரேக்கை மிதித்துவிடக் கூடாது, மெல்ல வேகத்தைக் குறைத்துத்தான் அடக்க வேண்டும், அதனால் முன்கூட்டியே தெரிய வேண்டும் என்றார். நான் களத்தில் நின்று "ஆடல, ஆடல, ஆடுது" என்று கத்திப் பழகினேன்.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் பெரியப்பா பாரம் ஏற்ற வந்தார். பெரியப்பா பல வருஷம் வத்தலக்குண்டுக்கு மாட்டுவண்டி ஓட்டியவர். வண்டியில் முன்பாரம் ஏறினால் மாட்டின் கழுத்து புண்ணாகும், பின்னால் தள்ளி ஏற்றினால் நுகம் லேசாகும் என்பது அவர் ரத்தத்தில் ஊறியிருந்தது. அரிசி மூட்டை, மாவிளக்குக்கு இடித்த மாவு மூட்டை, அண்டா, விறகு எல்லாவற்றையும் கூண்டின் பின்சுவரோடு அடுக்கினார்.

"அண்ணே, இதுக்குப் பாரம் சக்கரத்துக்குச் சித்த முன்னால இருக்கணும். பின்னால ஏத்துனா வாலாட்டும்" என்றார் அப்பா.

"ஏலே, ஜீப்புக்குக் கழுத்து வலிக்காதா? நான் மலையில பாரம் இறக்கும்போது நீ மூக்கு ஒழுகிக்கிட்டுத் திரிஞ்ச."

அப்பா அடுத்த மூட்டையை எடுத்துக் கொடுத்தார். எனக்கு அப்பாவின் மேல் அப்படி ஒரு கோபம். தெரிந்த விஷயத்தைச் சொல்ல என்ன பயம்? ஜீப் பெரியப்பாவுடையது, நாங்கள் குடியிருந்த வீடும் பெரியப்பாவுடையது என்பதெல்லாம் அப்போது எனக்கு ஒரு காரணமாகத் தெரியவில்லை.

மறுநாள் வெள்ளனே எழுந்து, தலை பின்னி, முன்சீட்டைப் பிடிக்க ஓடினேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன். அப்பா ரேடியேட்டருக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். கூண்டின் கதவு திறந்திருந்தது. அத்தை உள்ளே ஏறிக்கொண்டிருந்தாள்.

அத்தை அப்பாவுக்கு அக்கா, பெரியப்பாவுக்குத் தங்கை. மாமா செத்துப்போன பிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். தம்பியை வளர்த்தது அவள்தான். அவள் ஊட்டினால் மட்டுமே அவன் வாயைத் திறப்பான். பழனியில் அத்தனை பேருக்கும் பொங்கி இறக்கவும் அவள் கைதான் வேண்டும். அதனால் அவளை விட்டுவிட்டுப் போக முடியாது, சரி. ஆனால் கூண்டுக்குள்ளா? எனக்கு இல்லை என்று சொன்ன இடத்திலா? அவள் உள்ளே போய் மூட்டைகளுக்கு நடுவில் குனிந்து உட்கார, அம்மா பூப்போட்ட திரையை எல்லா ஜன்னலிலும் இழுத்துவிட்டாள். பெரியப்பா கதவைச் சாத்தி வெளித்தாழ்ப்பாளைப் போட்டார். திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"ஏ புள்ள, அத்தை உள்ள வர்றது ஒங்கப்பனுக்குத் தெரிய வேணாம். அவ பஸ்ஸுல வர்றான்னு சொல்லி வச்சிருக்கேன். அவன் ஆயிரம் சட்டம் பேசுவான், சோலி கெட்டுப் போகும்."

ஓடுகிற கூண்டில் திரை போட்டுக்கொண்டு ராணி மாதிரி அத்தை போகப் போகிறாள், அதற்கு நான் காவல். நிறைகுடத்தோடு பெரியம்மா எதிரே வந்தாள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. தேங்காய் நன்றாக உடைந்ததில் பெரியப்பாவுக்கு ஏகத் திருப்தி. நிறைகுடத்தை இறக்கிவைத்துவிட்டுப் பெரியம்மாவும் ஏறிக்கொண்டாள். ஜீப்பின் பின்புறத்தில் அவள், பெரியப்பா, தம்பியை மடியில் வைத்துக்கொண்டு அம்மா. முன்னால் அப்பாவும் நானும். எனக்கு மட்டும் எதிலும் மனசு இல்லை.

பழனிக்கு எங்கள் ஊரிலிருந்து நேராக இறங்குகிற வண்டிப்பாதை அப்போது கிடையாது. ஊத்து என்கிற இடத்துக்கு வந்து, கொடைக்கானல் ரோட்டைப் பிடித்து, வத்தலக்குண்டு இறங்கிச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். ஊத்து வரைக்கும் நான் தலையை நீட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆடல" என்று சொல்லி வந்தேன். ஊத்துக்குக் கீழே சரிவு பிடித்ததும் கூண்டு பின்பக்கத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீச ஆரம்பித்தது.

"ஆடுது!" என்றேன். அப்பா ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். அது அடங்கவில்லை. அடுத்த வளைவில் ஜீப்பின் பின்பக்கத்தையே யாரோ தூக்கிப் பிடித்து ஆட்டுவது போல இருந்தது. அம்மா "முருகா" என்றாள். வேலைக்காரி மாதிரி வெளியே தொங்கிக்கொண்டு கத்துகிற எனக்கு, உள்ளே அத்தை ஊஞ்சல் ஆடுகிறாள் என்பதுதான் அந்த நேரத்தில் தோன்றியது. பொறுத்தது போதும் என்று வெடித்துவிட்டேன்.

"அத்தை மட்டும் உள்ள உக்காரலாம், நான் உக்காரக் கூடாதா? இது என்னப்பா நியாயம்?"

"யாரு உள்ள?"

"அத்தை! பெரியப்பாதான் ஏத்தித் தாழ்ப்பாப் போட்டாரு!"

அப்பாவின் முகம் அன்றைக்குப் போன போக்கை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கியரை மாற்றினார். பிரேக்கின் மேல் போகத் துடித்த காலை எடுத்து எடுத்து வைத்தார். கூண்டின் பின்மூலை ரோட்டோரக் குட்டைச்சுவரில் மோதி, நீளமாக உரசிக்கொண்டே வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் மரங்களின் தலைதான் தெரிந்தது. மலைப்பக்கம் கொஞ்சம் அகலமாக இருந்த ஓரிடத்தில் ஒருவழியாக ஜீப் நின்றது.

அப்பா குதித்து இறங்கி, சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்துவிட்டு, தாழ்ப்பாளை இழுத்துக் கதவைத் திறந்தார். விறகு ஒரு பக்கம், அண்டா ஒரு பக்கம் கிடந்தது. பின்சுவரோரம் மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி அத்தை கிடந்தாள். நெற்றி வீங்கி, கண்ணெல்லாம் மாவு. அவள் இறங்கவில்லை.

"தம்பி, மொட்டை போடப் போற புள்ளய அங்கிட்டுத் திருப்பிக்கிடச் சொல்லு. நல்ல காரியத்துக்குப் போறப்ப எம்முகத்துல முழிச்சிரப் போறான்."

அப்பா பெரியப்பாவின் பக்கம் திரும்பினார். பெரியப்பா தொண்டையைச் செருமினார்.

"எல்லாம் நல்லதுக்குத்தாம்ல. பயணம் கெளம்புற நேரம் எதுக்க வர வேணாம்னுதான் உள்ள வச்சேன். அவளும் சரின்னுதான் சொன்னா."

சரியென்று சொன்னாளாம். சொல்லாமல் வேறு என்ன செய்வாள்? பிள்ளைக்கு ஊட்ட அவள் வேண்டும், ஊருக்குப் பொங்க அவள் வேண்டும், முகம் மட்டும் வேண்டாம். அரிசி மூட்டை மட்டும் இருந்திருந்தால் யாரும் திரையை இழுத்துவிட்டிருக்க மாட்டார்கள். இதை இன்றைக்கு என்னால் சொல்ல முடிகிறது. அன்றைக்கு என் மனசில் இருந்ததெல்லாம், பார்த்தாயா, படுக்கையில்கூட உட்காரத் தெரியாமல் தரையில் உட்கார்ந்து இடத்தைப் பாழாக்கியிருக்கிறாளே என்பதுதான்.

அப்பா உள்ளே ஏறி, மூட்டைகளை ஒவ்வொன்றாக முன்பக்கம் நகர்த்தினார். கயிற்றால் இறுக்கினார். பிறகு அத்தையின் கையைப் பிடித்து இறக்கி, நேராக முன்சீட்டுக்குக் கூட்டிவந்தார்.

"அண்ணே, பாரம் முன்னால இருக்கணும்னு நேத்தே சொன்னேன். கூண்டுக்கு மட்டுமில்ல, ஜீப்புக்கும் அப்பிடித்தான். அக்கா முன்னால உக்காரட்டும். இல்லேன்னா வண்டி கீழ போய்ச் சேராது."

"சாமி காரியம்லடா இது."

"வண்டி காரியமும்ல."

பெரியப்பா கூண்டின் சுவரில் கிடந்த நீளக் கீறலைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார். பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

பொய். பச்சைப் பொய். எல்லாப் பாடத்தையும் மனப்பாடம் செய்தவள் நான். பாரம் முன்னால் இருக்க வேண்டியது கூண்டுக்குள்ளேதான். ஜீப்பில் யார் எங்கே உட்கார்ந்தால் கூண்டுக்கு என்ன? அப்படியே கனம்தான் வேண்டும் என்றால் வீட்டிலேயே கனமான பெரியப்பா இருக்கிறார். அத்தை என்னைவிடக் கொஞ்சம்தான் கூட இருப்பாள்.

"அப்பா, நீங்க அப்பிடிச் சொல்லலையே! கூண்டுக்குள்ளதானே முன்னால—"

"வாய மூடிக்கிட்டுப் பின்னால ஏறு."

எல்லோருக்கும் முன்னால் சொன்னார். கூண்டு ஆடுகிறது என்று சொன்னவள் நான், அத்தை உள்ளே இருக்கிறாள் என்று சொன்னவள் நான், உண்மையைச் சொன்னவளும் நான். பரிசாக எனக்குக் கிடைத்தது விறைப்பாக உட்கார்ந்திருந்த பெரியப்பாவின் முழங்காலுக்கும் பெரியம்மாவின் கூடைக்கும் நடுவில் ஒரு சாண் இடம். அத்தை திரும்பிப் பார்த்து, "மடியில வந்து உக்காருதியா?" என்று மெல்லக் கேட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஜீப் கிளம்பியது. எதிரே ஒரு பஸ் ஏறி வந்தது. அத்தை சட்டென்று முந்தானையை இழுத்துத் தலையோடு முகத்தையும் மூடிக்கொண்டாள். விறகுச் சுமையோடு சிலர் நடந்து வந்தார்கள், அவர்களைக் கண்டதும் இன்னும் குனிந்தாள். முன்சீட்டில் உட்காரத் தெரிகிறதா பார் என்று நினைத்துக்கொண்டேன்.

"அக்கா, முக்காட்ட எடு. தலைய வெளிய நீட்டிப் பாரு. கூண்டு ஆடுதா?"

அத்தை ஏதோ முனகினாள்.

"கேக்கல."

"ஆடல."

"என்ஜின் சத்தத்துல எனக்குக் கேக்கலக்கா. நீ சொன்னாத்தான் நான் வளைவு திருப்ப முடியும். உசுரு ஒன் வாயிலதான் இருக்கு."

அதுவும் பொய்யாகத்தான் இருக்க வேண்டும். பாரத்தை மாற்றிய பிறகு கூண்டு அடங்கிப்போய்க் கன்றுக்குட்டி மாதிரி பின்னால் வந்துகொண்டிருந்தது. ஆனால் அப்பா ஒவ்வொரு வளைவிலும் கேட்டார். அத்தை முந்தானையைத் தோளுக்குத் தள்ளிவிட்டு வெளியே எட்டிப் பார்த்தாள். காற்றில் அவள் தலைமுடியில் ஒட்டியிருந்த மாவு பறந்து எங்கள் மேல் விழுந்தது. பெரியப்பா துடைத்துக்கொண்டார். கீழே போகப் போக அவள் குரல் ஏறியது. எங்கள் வீட்டில் அடுப்படியைத் தாண்டி வெளியே கேட்காத குரல் அது.

"ஆடலப்பா! நேரா வருது! நீ பாட்டுக்கு ஓட்டு!"

ரோட்டில் நடந்து போனவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அத்தை அவர்களைப் பார்த்து முகத்தை மூடவில்லை. என் சீட்டை எடுத்துக்கொண்டது பற்றாதென்று இப்படி ஊர் கேட்கக் கத்தவும் வேண்டுமா என்று, வத்தலக்குண்டு வருகிற வரைக்கும் நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.