நோவாமல் பெற்றவள்

வலி பொறுக்காதவள் என்று ஒரு பெண்ணைக் கேலி பேசுவது எல்லா ஊரிலும் உண்டு. வலியே படாதவள் என்று கேலி பேசியது எங்கள் ஊரில்தான் இருக்கும். கெங்கம்மாளுக்கு அந்தக் கேலி வந்து சேர்ந்தது 1966-ல், அவள் மகன் கோபால் பிறந்தபோது. நோவாமல் பெற்றவள் என்று பெயர். வைத்தவள் வேறு யார், மாமியார் தாயாரம்மாள்தான்.

ஊர், கும்மிடிப்பூண்டிக்கும் ஊத்துக்கோட்டைக்கும் நடுவில், ஏரித் தண்ணீரில் நெல் விளைகிற ஊர். கெங்கம்மாள் அந்த வீட்டு மூத்த மருமகள். புருஷன் வீரராகவன் தங்கமான மனுஷன். அம்மா பேசும்போது மட்டும் அவனுக்குக் காது கேட்காது. தாயாரம்மாள் ஏழு பெற்றவள். ஏழும் வீட்டிலேயே, விளக்கெண்ணெயும் வெந்நீரும் வைத்துக்கொண்டு. ஒவ்வொன்றுக்கும் எத்தனை பொழுது நொந்தாள், எந்தத் தூணைப் பிடித்துக் கத்தினாள் என்று கேட்டவருக்கும் சொல்வாள், கேட்காதவருக்கும் சொல்வாள். அந்த வீட்டில் நோவுதான் பெண்களின் சொத்து, அதில் கெங்கம்மாளுக்குப் பங்கு இல்லாமல் போனது.

அதற்கு அவள் என்ன செய்வாள்? மாதம் ஒருமுறை ஊருக்கு வருகிற நர்சம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்து, பிள்ளை குறுக்கே படுத்திருக்கிறது, வலி எடுப்பதற்கு முன்பே திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டாள். போனார்கள். மறுநாள் காலையிலேயே ஆபரேஷன்.

அங்கே நடந்தது இவ்வளவுதான். மேஜை மேல் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, முழங்காலை வயிற்றோடு சேர்த்து இறால் மாதிரி சுருட்டிப் பிடித்துக்கொண்டாள் குணசுந்தரி என்கிற நர்ஸ். முதுகில் ஏதோ சில்லென்று தடவினார்கள். அடிமுதுகில் எறும்பு கடித்தாற்போல ஒரு ஊசி. பிறகு பாதம் வெதுவெதுப்பானது, கொஞ்ச நேரத்தில் கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. நெஞ்சுக்கு நேராகத் துணியைக் கட்டி மறைத்துவிட்டார்கள். பயத்தில் அவளுக்குப் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. குணசுந்தரி தலைமாட்டில் உட்கார்ந்து, உங்கள் பக்கத்தில் கருவாட்டுக் குழம்பு எப்படி வைப்பீர்கள் என்று பேச்சுக் கொடுத்தாள். பழவேற்காட்டிலிருந்து கூடைக்காரி கொண்டுவரும் வாளைக் கருவாட்டைக் கழுவுவதில் தொடங்கி, கத்திரிக்காய் வதக்கி, புளி கரைத்து ஊற்றி, மாங்காய் போடுகிற கட்டத்துக்குக் கெங்கம்மாள் வந்தபோது துணிக்கு அந்தப் பக்கம் பிள்ளை அழுதது. தன் பிள்ளைதான் அழுகிறது என்று புரியவே அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. உலகத்தில் எந்தத் தாயும் குழம்பு பாதியில் நிற்கப் பிள்ளை பெற்றிருக்க மாட்டாள். அவள் சிரித்தாள், பிறகு அழுதாள்.

வலி ஒன்றும் இல்லாமல் போகவில்லை. ஒரு நாள் முழுக்கத் தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்திரு என்று படித்துப் படித்துச் சொன்னார்கள். கெங்கம்மாள் பிள்ளை முகத்தைப் பார்க்கிற ஆசையில் நர்ஸ் அந்தண்டை போனதும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். மூன்று நாள் தலைவலி மண்டையைப் பிளந்தது. தையல் போட்ட இடம் கொஞ்ச நாள் இழுத்துப் பிடித்தது. நோவுக் கணக்கில் அவளிடம் இருந்த கையிருப்பு அவ்வளவுதான், தாயாரம்மாளின் ஏழு பிரசவத்துக்கு முன்னால் அது எந்த மூலைக்கு?

பிள்ளை அழுதால், "நோவாம பெத்தவளுக்குக் கேக்குமா அது?" என்பாள் கிழவி. பால் கொடுக்கத் தாமதமானால் அதே பேச்சு. பம்புசெட்டில் துணி துவைக்கப் போனால் மற்றப் பெண்கள் தங்கள் தங்கள் பிரசவத்தைப் பேசுவார்கள், கெங்கம்மாள் வாய் திறந்தால், உனக்கு என்னடி தெரியும் என்று அடக்கிவிடுவார்கள். ஊரில் ஆபரேஷன் செய்துகொண்ட முதல் பெண் அவள். அதற்கு ஒரு மரியாதை கிடைக்கும் என்று பார்த்தால், பிள்ளையைக் கடையில் வாங்கிவந்தவள் மாதிரி நடத்தினார்கள். உள்ளூர அவளுக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது, தான் சரியான தாய்தானா என்று. அதுதான் கொடுமை.

ஒரு நாள் பம்புசெட்டில் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டாள். "பத்து புள்ள பெத்த நோவு அந்த ஒரு ஊசில கீது. போட்டுக்கினவளுக்குத்தான் தெரியும்."

துவைக்கிற சத்தம் நின்றது. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். கெங்கம்மாளுக்கு அந்தப் பார்வை பிடித்திருந்தது. எவ்வளவு பெரிய ஊசி என்று யாரோ கேட்டார்கள். நெல் மூட்டை தைக்கிற கோணி ஊசி இருக்கிறதே, அது என்றாள். பிறகு என்ன, கதை தானாக நடக்க ஆரம்பித்தது. நாலு ஆள் பிடித்துக்கொண்டார்கள். முதுகெலும்பை ஊசி துளைக்கிற சத்தம் காதில் கேட்டது. நடவு நட்டு இடுப்பு வலித்தாலும் ஊசி போட்ட வலி என்று கையை முதுகில் வைத்துக்கொள்வாள். பக்கத்து ஊர்களிலிருந்துகூடப் பெண்கள் கேட்க வந்தார்கள். தாயாரம்மாள் வாயே அடைத்துப்போனது. ஒரு தடவை மருமகளுக்குப் பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். யாருக்கும் கெடுதல் இல்லாத பொய் என்றுதான் கெங்கம்மாள் நினைத்தாள். சொல்லிச் சொல்லி, பாதி நாள் அவளுக்கே அது உண்மை போலத்தான் இருந்தது.

பம்புசெட்டில் அந்தக் கதையை வாய் பிளந்து கேட்டவர்களில் ஒருத்தி சின்னப்பொண்ணு. வீரராகவனின் தம்பி குப்புராஜுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வரும்போது சோறு வடிக்கக்கூடத் தெரியாத பெண். கெங்கம்மாள்தான் கைப்பிடித்து எல்லாம் சொல்லிக்கொடுத்தாள், தலை பின்னிவிட்டாள், மாமியார் வாயில் விழாமல் காப்பாற்றினாள். அக்கா சொன்னால் அந்தப் பெண்ணுக்கு வேறு சாட்சி வேண்டாம்.

1973-ல் சின்னப்பொண்ணு முழுகாமல் இருந்தாள். குப்புராஜ் அப்போது கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த ஒரு இரும்புக் கம்பெனியில் ஷிப்டு வேலை பார்த்தான். அதே நர்சம்மா பார்த்துவிட்டு, இடுப்பெலும்பு குறுகலாக இருக்கிறது, தலை இறங்காது, வலி வரும்வரை காத்திருக்காமல் திருவள்ளூரில் சேர்த்துவிடுங்கள் என்றாள். ஆடிக் கிருத்திகை கழிந்ததும் கொண்டுபோவது என்று வீட்டில் பேசி முடித்தார்கள்.

அன்று சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து மூன்று பெண்களும் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். சின்னப்பொண்ணு கெங்கம்மாள் பக்கமாகச் சாய்ந்து மெல்லக் கேட்டாள். "அக்கா, மெய்யா சொல்லு. அந்த ஊசி அவ்ளோ நோவுமா?"

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை, எறும்பு கடிக்கிற மாதிரிதான் என்று. கெங்கம்மாளின் நாக்கு வரைக்கும் வந்தது. எதிரே தாயாரம்மாள் கடலை உரிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷமாகச் சேர்த்த மரியாதை அந்தக் கிழவியின் கண்ணில் இருந்தது. அதை விட்டுக்கொடுக்கக் கெங்கம்மாளுக்கு மனம் வரவில்லை. அப்புறம் தனியாக இருக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

"பல்லக் கடிச்சிக்கினா ஆச்சிடி" என்றாள்.

தனியாகப் பேசலாம் என்றால் நடவு வந்தது, கோபாலுக்குக் காய்ச்சல் வந்தது, கிருத்திகைக்கு வீடு மெழுகுகிற வேலை வந்தது. நாளைக்கு நாளைக்கு என்று போய்விட்டது. ஒரு வார்த்தை சொல்ல எத்தனை நேரம் ஆகும்? இதை அவள் பிற்பாடு தன்னையே கேட்டுக்கொள்ளாத நாள் இல்லை.

கிருத்திகைக்கு முந்தைய நாள், பொழுது விடிந்ததிலிருந்தே சின்னப்பொண்ணு பம்புசெட்டுத் தொட்டியில் உட்கார்ந்திருந்தாள். ஒரே புழுக்கம், தண்ணீரில் இருந்தால் தேவலை என்றாள். கர்ப்பிணிப் பெண், உட்காரட்டும் என்று விட்டுவிட்டார்கள். நடுவில் வந்து இரண்டு வாய் சாப்பிட்டாள், மறுபடியும் துவைக்க இருக்கிறது என்று போய்விட்டாள். கெங்கம்மாள் இரண்டு வயல் தள்ளிக் களை எடுத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிர்ந்து பார்த்தபோதெல்லாம் சின்னப்பொண்ணு குனிந்து கல்லைப் பிடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. துணி துவைக்கிறாள் என்றே நினைத்தாள்.

வெயில் சாய ஆரம்பித்தபோது கூப்பிட்டாள், பதில் இல்லை. கிட்டே போனாள். சின்னப்பொண்ணு முகம் வெளிறி, உதடு நீலம் பாரித்துக் கிடந்தாள். புடவை முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்திருந்தாள். கெங்கம்மாள் அதைப் பிடித்து இழுத்தாள், துணி பல் பதிந்த இடமெல்லாம் பொத்தல் பொத்தலாக இருந்தது. முந்தின நாள் பொழுது போனதிலிருந்தே அவளுக்கு வலி எடுத்திருக்கிறது. ஒரு சத்தம் இல்லை. ஏழு பிள்ளையையும் ஊரைக் கூட்டிப் பெற்ற தாயாரம்மாள் ஓடிவந்து பார்த்து, வாயில் அடித்துக்கொண்டாள்.

குப்புராஜ் ஷிப்டுக்குப் போயிருந்தான். செங்கல் ஏற்றிப்போன ஒரு லாரியை வீரராகவன் ரோட்டில் குறுக்கே நின்று மறித்தான். வைக்கோல் பரப்பி அவளைப் படுக்கவைத்தார்கள். கெங்கம்மாள் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ஏன்டி சொல்லவில்லை என்று கேட்டாள். வலிக்கும் வலிக்கும் நடுவில் சின்னப்பொண்ணு மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "பல்லக் கடிச்சிக்கினு இருந்தா ஊட்லயே பொறந்துடும்னு பாத்தேன்க்கா. ஊசி வாணாம்னு."

கெங்கம்மாள் குனிந்து, லாரி இரைச்சலில் அவள் காதோடு வாய் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். ஊசி நோவாது, எறும்பு கடிதான், கோணி ஊசி என்றது பொய், குழம்பு வைக்கிறதைச் சொல்லிக்கொண்டே பெற்றேன், கோபால் மேல் சத்தியம் என்றாள்.

சின்னப்பொண்ணு அந்த வலியிலும் சிரிக்கப் பார்த்தாள். "நான் பயப்படுவேன்னு சொல்றே நீ" என்றாள்.

பொய்யை நம்பியவள் உண்மையை நம்பவில்லை. அன்பினால் சொல்கிற பொய் என்று எடுத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் குழாயை வயிற்றில் வைத்துக் கேட்டுவிட்டு, துடிப்பு லேசாக இருக்கிறது, உடனே எடுக்கணும் என்றாள். ஓட்டமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடிக்கொண்டது. கெங்கம்மாள் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள். கருவாடு கழுவி, கத்திரிக்காய் வதக்கி, புளி கரைத்து, மாங்காய் போடுகிற இடம் வரை மனசுக்குள் வந்தாள். அழுகைச் சத்தம் கேட்கவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடியும் அதே இடத்துக்கு வந்தாள். உள்ளே தட்டு வைக்கிற சத்தமும் தண்ணீர் ஊற்றுகிற சத்தமும்தான் கேட்டன.

ஆண் பிள்ளை. மூச்சு இல்லை. காலையில் வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, வீரராகவனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

சின்னப்பொண்ணு தலையணை இல்லாமல் மல்லாந்து கிடந்தாள். கெங்கம்மாள் பக்கத்தில் போய் நின்றாள். சின்னப்பொண்ணு உத்தரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை, ஆச்சரியந்தான் இருந்தது.

"நோவவே இல்லக்கா" என்றாள்.

ஊருக்கு வந்தபின் சின்னப்பொண்ணு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஊர்தான் எடுத்தது. ஊசி போட்டுத்தான் பிள்ளை போய்விட்டது என்றார்கள். கெங்கம்மாள் அன்றைக்கே சொன்னாளே என்றார்கள். கெங்கம்மாளின் பெயர் முன்னைவிட ஓங்கியது. அவளுக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

தையல் ஆறி சின்னப்பொண்ணு பம்புசெட்டுக்கு வர ஆரம்பித்த சமயம், அங்கே எல்லம்மா என்கிற பெண் நிறைமாத வயிற்றோடு துவைத்துக்கொண்டிருந்தாள். அவளையும் திருவள்ளூர் போகச் சொல்லியிருக்கிறாள் நர்சம்மா, போகலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தாள். கெங்கம்மாள் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு எழுந்தாள். மாமியாரும் அங்கேதான் இருந்தாள், இருக்கட்டும் என்று நினைத்தாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள், நான் இத்தனை நாளாகச் சொன்னது அத்தனையும் பொய், ஊசி நோவாது, பயப்படாமல் போ என்று.

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. பிள்ளை போன துக்கத்தில் என்னென்னவோ பேசுகிறாள் என்று ஒருத்தி அவள் தோளைத் தடவிக்கொடுத்தாள். எல்லம்மா திரும்பிச் சின்னப்பொண்ணைப் பார்த்தாள்.

"நீ போட்டுக்கினவதானே, நீ சொல்லுக்கா. நோவுச்சா?"

சின்னப்பொண்ணு கல்லின் மேல் இருந்த துணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நோவவில்லை என்று சொன்னால், தன் பிள்ளை எதற்குச் செத்தது என்று அவளை அவளே கேட்டுக்கொள்ள வேண்டும். கெங்கம்மாளுக்கு அது புரிந்தது. புரிந்தும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோணி ஊசிதான்" என்றாள் சின்னப்பொண்ணு. "அக்கா சொன்னதுல ஒரு சொல்லுகூட பொய் இல்ல."

எல்லம்மா வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். தாயாரம்மாள் பெருமூச்சு விட்டுவிட்டுத் துணியைப் பிழிந்தாள். சின்னப்பொண்ணு தண்ணீர்க் குடத்தைத் தூக்கக் குனிந்தாள். தையல் போட்ட வயிறு, தூக்கக்கூடாது. கெங்கம்மாள் அதை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பில் முன்னால் நடந்தாள்.