சரிபாதிக் கன்னியப்பன்

"பூமி மேல கீற எந்தப் பொருளா இருந்தாலும் கொண்டாங்கய்யா, சரிபாதியா பிரிச்சுத் தரேன். பிரிக்க முடியாத பொருள் ஒன்னு கீதுன்னு எவனாவது காட்டிட்டான்னா, அன்னைக்கோட இந்தத் துண்டைத் தோள்ல போட மாட்டேன்!"

ஒரகடம் கூட்டு ரோட்டுக்குத் தெற்கே உள்ள ஒரு சிற்றூரில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டாம் வருடம், ஒரு கிணற்று மேட்டின் மீது ஏறி நின்றுகொண்டு கன்னியப்பன் இதைச் சொன்னார். ஊரில் பாதிப் பேர் நேரில் கேட்டார்கள். மீதிப் பாதிப் பேரின் வீட்டுக்கு அவரே போய்ச் சொன்னார். அதிலும் சரிபாதி தவறவில்லை.

சொல்வதற்கு அவருக்குத் தகுதி இருந்தது. சுற்று வட்டாரத்தில் அண்ணன் தம்பிகள் பாகம் பிரிப்பதென்றால் வக்கீல் வீட்டுக்கு முன்னால் கன்னியப்பன் வீட்டுக்குத்தான் ஆள் போகும். நிலத்தைக் கயிறு போட்டு அளப்பார். வெட்ட முடியாத பொருளுக்கு முறை வைப்பார்: கிணற்றுத் தண்ணீர் ஒரு நாள் அண்ணனுக்கு, ஒரு நாள் தம்பிக்கு. முடிவில் தரையில் குச்சியால் இரண்டு கட்டம் கிழித்து, நிலத்துக்கு அடையாளமாக ஒரு மண்ணாங்கட்டி, மரத்துக்கு ஒரு கொத்து இலை, மாட்டுக்கு ஒரு கயிறு என்று இரண்டிலும் பரப்பி வைத்து, இளையவனைக் கூப்பிடுவார். "நீ மொதல்ல எடு" என்பார். இளையவன் எடுத்த பிறகு மூத்தவன் வாய் திறக்கக் கூடாது. அது அந்தப் பக்கத்துச் சட்டம்.

அன்றைக்குப் பாகம் பிரிந்தவர்கள் சுப்பனும் அவன் தம்பி சின்னப்பையனும். மிச்சமிருந்தது ஒரே ஒரு புளியமரம். கன்னியப்பன் கண்ணை மூடி யோசித்து, ஒரு வருடத்துக் காய் தம்பிக்கு, மறு வருடத்துக் காய் அண்ணனுக்கு என்று தீர்ப்பளித்தார். புளி ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்தான் கொட்டிக் காய்க்கும் என்பது ஊருக்குத் தெரியாத ரகசியமல்ல. ஆனால் சரிபாதி என்ற சொல்லுக்கு முன்னால் அன்றைக்கு அது ஒருவர் நினைவுக்கும் வரவில்லை. சின்னப்பையன் கும்பிட்டு வாங்கிக்கொண்ட வருடம் பொய்த்த வருடமாக இருந்தது. அடுத்தடுத்து அவனுக்கு வாய்த்தவையும் அப்படியே.

இப்பேர்ப்பட்டவருக்கு இறைவன் இரட்டைப் பிள்ளைகளைக் கொடுத்திருந்தான். இறைவனுக்கும் வேடிக்கை பார்க்கப் பிடிக்கும் போலிருக்கிறது. முதலில் பிறந்தவனுக்கு ரகுபதி என்று ராமன் பெயர். பின்னால் பிறந்தவனுக்குக் கோதண்டம் என்று ராமனுடைய வில்லின் பெயர். வில் இல்லாத ராமனும் ராமன் இல்லாத வில்லும் எதற்கு ஆகும் என்று பெயர் வைத்த நாளில் யாரும் கேட்கவில்லை. சாப்பாடு தடபுடலாக இருந்தது.

வீட்டில் நீதி தவறாத ஆட்சி நடந்தது. தோசையை நடுவே கிழிப்பார். ஒற்றைச் சிலேட்டுக்கு முறை வைத்தார். சுவரோரம் படுக்கவும் முறை. பாடப்புத்தகம் ஒன்றே ஒன்று இருந்தால் அரிவாளை எடுத்து முதுகுத் தையலோடு நடுவில் பிளந்து ஆளுக்குப் பாதி கொடுத்தார். "மாசம் மாசம் அமாவாசைக்கு மாத்திக்கணும்" என்பது உத்தரவு.

அவர் மனைவி மரகதம் மட்டும் ஒருமுறை கேட்டாள். "ஏய்யா, நாளைக்கு ரெண்டு பேருக்கும் ஒரே மூக்குச்சளி புடிச்சா அதையும் பாதியா சிந்துவியா?"

"நீ சும்மா இரு. நாளைக்கு என் பசங்க கிணத்து மேட்டுல நின்னு அடிச்சிக்கினு கெடக்கக் கூடாது பாரு."

அந்தப் பயம் உண்மையானது. அடித்துக்கொண்ட அண்ணன் தம்பிகளை அவர் அளவுக்குப் பார்த்தவர் அந்த வட்டாரத்தில் இல்லை.

பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பு முடிக்கும் சமயம், எழுபத்து நான்கில், பள்ளித் தலைமையாசிரியர் சாலமோன் ஒரு செய்தி கொண்டுவந்தார். வேலூருக்கு அப்பால் ஒரு விடுதிப் பள்ளி. சோறு, துணி, படிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்துப் பொறுக்கி எடுப்பார்கள்.

"பொறுக்கி எடுத்தா ரெண்டையும்தான் எடுக்கணும் சார்" என்றார் கன்னியப்பன். "என் பசங்க ரெண்டும் ஒரே அச்சு."

சாலமோன் வாத்தியார் பரீட்சைக்கென்று தடியான ஒரு புத்தகம் வாங்கிக் கொடுத்தார். முன் பாதி கணக்கு. பின் பாதி தமிழும் பொது அறிவும். அது வீட்டுக்கு வந்த அன்றே அரிவாளைச் சந்தித்தது. கணக்கு ரகுபதிக்கு, தமிழ் கோதண்டத்துக்கு. அமாவாசைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் நீதிக்குத் தெரியாமல் ஒரு காரியம் நடந்தது. ரகுபதிக்குக் கணக்கு இனித்தது. கோதண்டத்துக்குத் தன் பாதியில் இருந்த பாட்டும் கதையும் போதுமென்றிருந்தது. அமாவாசை வந்தபோது பையன்கள் புத்தகத்தை மாற்றிக்கொள்ளவில்லை. உட்காரும் இடத்தை மாற்றிக்கொண்டார்கள். விளக்குக்கு வலப்பக்கம் இருந்தவன் தன் பாதியோடு இடப்பக்கம் போனான், இடப்பக்கம் இருந்தவன் வலப்பக்கம் வந்தான். இடத்தை வைத்தே பிள்ளையை அடையாளம் கண்டு பழகியவர் அப்பா. சிமினி வெளிச்சத்தில் எட்டிப் பார்த்து, "மாத்திக்கினீங்களாடா?" என்றார்.

"மாத்திக்கினோம் நைனா" என்றார்கள் இருவரும். பொய்யும் இல்லை.

செங்கல்பட்டில் பரீட்சை நடந்தது. வைகாசியில் ரகுபதிக்கு மட்டும் கடிதம் வந்தது.

"இன்னா சார் இது, ஒன்னு வந்துது, இன்னொன்னு வழியில வந்துகினு கீதா?" என்று கேட்டுக்கொண்டு கன்னியப்பன் வாத்தியார் வீட்டுக்கு ஓடினார்.

சாலமோன் தயங்கித் தயங்கிச் சொன்னார். "இல்ல கன்னியப்பன். அங்க கணக்குத் தாளத்தான் முதல்ல திருத்துவாங்க. அதுல தேறாத பையனோட மத்த தாளப் பிரிக்கவே மாட்டாங்க. கோதண்டம் தமிழ் எப்படி எழுதினான்னு அவங்களுக்குத் தெரியவே தெரியாது."

கன்னியப்பன் மனம் தளரவில்லை. வெட்ட முடியாத பொருள்தானே, அதற்கு முறை இருக்கிறதே! சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் செங்கல்பட்டுக்கு இரண்டு பையன்களையும் அழைத்துப் போய், விடுதிப் பள்ளியின் முதல்வர் கிறிஸ்துதாஸ் முன்னால் துண்டைச் சரிசெய்துகொண்டு நின்றார்.

"ஐயா, சீட்டு ஒன்னு, பையன் ரெண்டு. கிணத்துத் தண்ணிக்கு முறை வெக்கிற மாதிரி ஒரு வருசம் இவன் வரட்டும், ஒரு வருசம் அவன் வரட்டும். உங்களுக்கு ஒரு கொறையும் தெரியாது. மூஞ்சப் பாருங்க, நானே சில நேரம் தடுமாறுவேன்."

முதல்வர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையன்களைப் பார்த்தார். "ஐயா, இது பள்ளிக்கூடம். கிணறு இல்ல."

"கிணறா இருந்தா உங்கள இன்னாத்துக்குங்க கேக்கப் போறேன்? நானே முறை வெச்சிருப்பேனே!"

முதல்வர் சிரிக்கவில்லை என்பது அவருடைய பெருந்தன்மை. "திங்கட்கிழமை காலைல ரகுபதி விடுதியில இருக்கணும். இல்லேன்னா அந்த இடம் அடுத்த பையனுக்குப் போயிடும்" என்றார்.

திரும்பி வரும் பேருந்தில் கன்னியப்பன் ஒரு முடிவுக்கு வந்தார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அறிவித்தார். "ரெண்டு பேரும் போனா போவட்டும். ஒருத்தனுக்குன்னா யாரும் போவ வாணாம். ரெண்டு பேரும் இங்கயே படிக்கட்டும்."

மரகதம் முறத்தைக் கீழே வைத்தாள். "தோசைய அறுத்த, புஸ்தகத்த அறுத்த. இப்ப ஒன்னுமில்லாதத ரெண்டா அறுத்து ஆளுக்குப் பாதி குடுக்கிறியாக்கும்? நல்ல நியாயம்யா உன் நியாயம்!"

"ஒருத்தன் படிச்சிட்டு வந்து பேண்ட்டு போட்டுக்கினு நிப்பான், இன்னொருத்தன் ஏரோட்டிக்கினு அவனப் பாப்பான். அப்புறம் அடிச்சிக்க மாட்டானுங்களா? நான் பாக்காததா?"

"பெரியவன் மூஞ்சப் பாத்தியா நீ?"

ரகுபதி மாட்டுக் கொட்டகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தான். அவன் மூஞ்சி யாருக்கும் தெரியவில்லை. கன்னியப்பன் அந்த முதுகையே வெகுநேரம் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் குச்சியை எடுத்தார். வாசலில் இரண்டு கட்டம் கிழித்தார். ஒரு கட்டத்தில் பள்ளிக்கூடத்துக்கு அடையாளமாகப் புதிதாகத் தைத்த வெள்ளைச் சட்டையை வைத்தார். இன்னொன்றில் வீடு. வீட்டுக்கு அடையாளமாகக் கன்றுக்குட்டியின் கயிற்றை வைத்தார். பார்த்தார், போதவில்லை. சிலேட்டை எடுத்துவந்து முழுசாக வைத்தார். சுவரோரப் படுக்கைக்காகப் பாயைச் சுருட்டி வைத்தார். பம்பரம் வைத்தார். அப்புறமும் எழுந்து போய் வீட்டுக்குள் எதையோ தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தார். எத்தனையோ குடும்பங்களின் சொத்தைப் பரப்பி வைத்த கைகளுக்கு அன்றைக்கு ஒரு கட்டம் நிரம்பவே இல்லை.

"கோதண்டம், நீதான் இளையவன். மொதல்ல எடு."

"சட்டைய எடுத்தா?" என்றான் பையன்.

"ரகுபதின்னு சொல்லிக்கினு நீ போ. எவனுக்குத் தெரியப் போவுது?"

"அடப்பாவி மனுசா!" என்றாள் மரகதம். ஆள்மாறாட்டம் கன்னியப்பனின் நோக்கமல்ல. இளையவன் முதலில் எடுக்க வேண்டும் என்ற சட்டத்தைத்தான் அவர் காப்பாற்றப் பார்த்தார். அதற்கு இன்னொரு சட்டம் உடைந்தால் அவர் என்ன செய்வார்?

கோதண்டம் குந்தி உட்கார்ந்தான். சட்டையைத் தொட்டுப் பார்த்தான். பொத்தானைப் போட்டுக் கழற்றினான். அதற்கப்புறம் கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"இன்னாடா, நெசமாத்தான் எடுத்தியா?"

"ஆமா நைனா. நான் போனா மொத நாளே கணக்கு கேப்பாங்கோ. அது அவன் பாதி. எனக்குத் தெரியாது."

சொல்லிவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினான். "அழுவாதடா. லீவுக்கு வந்தா நீயும் கன்னுக்குட்டிய மேய்க்கலாம்."

மூத்தவன் வாய் திறக்கக் கூடாது என்பது சட்டம். ரகுபதி திறக்கவில்லை. கன்னியப்பன் குச்சியைக் கீழே போட்டார். காலால் கோட்டை அழித்தார். ஒரு கட்டம் அழிந்தது. மற்றதை அழிக்காமலேயே உள்ளே போய்விட்டார்.

மறுநாள் இருட்டு விலகும் முன்பே ரகுபதியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். விடுதிக்குப் பெட்டி கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் பெட்டி இல்லை. கன்னியப்பன் தோளிலிருந்த துண்டை உதறி விரித்து, சட்டையும் டவுசரும் மரகதம் கொடுத்த முறுக்கும் வைத்து நாலு மூலையையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். ரகுபதி விடுதியில் மூட்டையோடு உள்ளே போனான். அப்பா வெறும் தோளோடு திரும்பினார்.

அந்த வாரக் கடைசியில் சுப்பனின் தம்பி, புளியமரத்துச் சின்னப்பையன் வந்தான். கன்னியப்பன் வாசலில் உட்கார்ந்து கோணி ஊசியில் சணல் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா கன்னியப்பா, தோள்ல துண்டக் காணோம்?"

"பள்ளிக்கூடம் போயிருக்குது."

சின்னப்பையனுக்குப் புரியவில்லை. வந்த காரியத்தைச் சொன்னான். "இந்த வருசமும் புளி பொய்யாப் போச்சுப்பா. என் முறை வந்தாலே மரம் மூஞ்சத் திருப்பிக்குது. அண்ணன் வருசம் மட்டும் மூட்ட மூட்டையா எறங்குது. நீ வந்து வேற மாதிரி பிரிச்சு வுடு."

கன்னியப்பன் நிமிரவில்லை. "பிரிக்காதீங்க. ரெண்டு பேரும் சேர்ந்து உலுக்குங்க. ஒரே களத்துல கொட்டுங்க. வேணுங்கிறவன் வேணுங்கிறத அள்ளிக்கட்டும்."

"அடிச்சிக்கினா?"

"அடிச்சிக்கினா அடிச்சிக்கோங்க. அன்னைக்கு நான் பிரிச்சது தப்பு. போய் உங்க அண்ணன்கிட்ட சொல்லு, கன்னியப்பன் சொன்னான்னு."

சின்னப்பையன் தலையைச் சொறிந்துகொண்டே அண்ணன் வீட்டுப் பக்கம் நடந்தான்.

அவர் மடியில் இருந்தது பரீட்சைப் புத்தகத்தின் இரண்டு பாதிகள். அரிவாள் பிளந்த முதுகை ஒட்டிப் பிடித்து, கோணி தைப்பது போல ஊசியைக் குத்தி இழுத்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் சில வரிகள் நூலுக்கடியில் போய்விட்டன. தைத்து முடித்தபோது புத்தகம் சரியாக மூடவில்லை, நடுவில் புடைத்துக்கொண்டு நின்றது. மேலே ஒரு கல்லை வைத்து அழுத்திப் பார்த்தார். எடுத்ததும் மறுபடி புடைத்தது.

கோதண்டம் கன்றை ஓட்டிக்கொண்டு வந்தான். அவன் கையில் அதைக் கொடுத்தார். பையன் வாங்கி, பழக்கத்தில் நடுப்பக்கத்தைத் தேடிப் பிரித்தான்.

"இதுல எனக்கு எந்தப் பாதி நைனா?"

கன்னியப்பன் ஊசியைக் கூரையில் செருகினார்.

"முழுசா படி" என்றார்.