செவலைக்குப் போட்ட கரண்டு வேலி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். எழுத உட்கார்ந்தால் முன்னால் நடந்தது பின்னாலும் பின்னால் நடந்தது முன்னாலும் வந்து நிற்கிறது. சில பெயர்கள் அடியோடு மறந்துவிட்டன. வருஷம் கேட்டாலும் சொல்லத் தெரியாது. எனக்கு எட்டோ ஒன்பதோ வயது, தோட்டங்களை இன்னும் அரசாங்கம் எடுக்கவில்லை, அவ்வளவுதான் தெரியும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அரநாயக்கப் பக்கம், ரப்பரும் கொஞ்சம் தேயிலையும் இருந்த தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால் நாங்கள் வேலை செய்த தோட்டம். பெரிய துரை இரண்டு குதிரைகள் வைத்திருந்தார். ஒன்று கிழட்டுக் கறுப்பு; தின்பதும் தூங்குவதுமாகக் காலத்தைக் கழித்தது. மற்றது செவலை நிறப் பெட்டை. அதற்குத் துரை ஏதோ இங்கிலீஷ் பேர் வைத்திருந்தார், எங்களுக்கு அது செவலைதான். அப்பாதான் குதிரைக்காரர். மற்றவர்களைப் போல லயத்து வரிசை வீடுகளில் இல்லாமல், குதிரைக் கொட்டகையை ஒட்டிய ஒற்றை அறையில் நாங்கள் மூன்று பேரும் குடியிருந்தோம்.

அந்த அறைக்கு ஒரு சன்னல் இருந்தது. வாசலிலேயே பைப் இருந்தது. ஆனால் அம்மா அந்த அறையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் அதுவல்ல. முன்பு எப்போதோ ஒரு குதிரை உதைத்ததில் அப்பாவின் இடது முழங்கால் சரியாக மடங்காது. சமதரையில் குதிரையைப் பிடித்துக்கொண்டு நடந்துவிடுவார். வாளியைத் தூக்கிக்கொண்டு மலையேறி ரப்பர் பால் வெட்ட அந்தக் கால் உதவாது. குதிரை வேலை போனால் அவருக்கு மலைதான். இதை அம்மா தினமும் ஒரு தரமாவது வாய்விட்டுச் சொல்லிக்கொள்வாள், யாரிடம் என்றில்லாமல், அடுப்பிடம் சொல்வதுபோல.

பங்களாவுக்குக் கீழே புல்தரை. சுற்றிலும் முள்ளுக்கம்பி. கறுப்புக்கு அந்தப் புல் போதும். செவலைக்கு அடுத்த பக்கத்துப் புல்தான் புல். ஒரு நாள் முள்ளுக்கம்பியில் நெஞ்சைக் கிழித்துக்கொண்டு வெளியே போய், துரை ஆசை ஆசையாக வைத்திருந்த ரப்பர் கன்று நர்சரிக்குள் புகுந்துவிட்டது. அப்பா மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்து அதன் நெஞ்சில் தடவிக்கொண்டிருந்தபோது துரை வந்தார். அவர் சிங்களத் துரை. தமிழ் பேசுவார், எல்லாவற்றையும் கட்டளையாகவே பேசுவார்.

"இன்னொரு தரம் குதிர வெளிய போனா நீ மலைக்குப் போ. வேற ஆள் வரும்."

"சரிங்க தொரை" என்றார் அப்பா. வேறென்ன சொல்வது.

பிறகு என்ன வேலி போடுவது என்று பேச்சு வந்தது. மரச்சட்டம் போடலாம் என்றால், எங்கள் பக்கத்து மழைக்கும் கறையானுக்கும் இரண்டு மழைக்காலம் தாங்காது. நட்டால் துளிர்க்கிற கம்புகளை நெருக்கமாக நடலாம் என்றார் துரை. "அந்த எல குதிரைக்கு ஆகாதுங்க, கடிச்சிக்கிட்டே நிக்குங்க" என்றார் அப்பா. மறுபடி முள்ளுக்கம்பி போடத் துரைக்கு மனமில்லை. கடைசியில் ஏதோ இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்துவிட்டுக் கரண்டு வேலி என்று முடிவு பண்ணினார். கொழும்பிலிருந்து தோட்டத்து லொறியில் ஒரு பெட்டி வந்து இறங்கியது.

லயங்களில் அப்போது கரண்டு கிடையாது. பங்களாவிலும் தொழிற்சாலையிலும்தான் இருந்தது. தொழிற்சாலையில் ஒருவரைக் கரண்டு தூக்கி எறிந்த கதையை எங்கள் ஆட்கள் பார்த்தவர்களைவிட நன்றாகச் சொல்வார்கள். அம்மா பெட்டியைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனாள்.

"மாட்டுக்கு ஒரு மூக்கணாங்கயிறு. குதிரைக்கு இடியா?"

"எனக்கா கட்டுறாங்க? குதிரைக்குத்தான புள்ள" என்றார் அப்பா.

"குதிர கிட்ட நிக்கிறது யாரு? தொரையா?"

வேலி போட ரம்புக்கனையிலிருந்து ஒரு பாஸ் வந்தார். கொத்தனார், தச்சர், வயர் இழுப்பவர் எல்லாருமே எங்களுக்குப் பாஸ்தான். சிங்களவர், வெற்றிலைக் கறை பிடித்த பல், அப்பாவை 'மல்லி' என்று தம்பி முறை வைத்து அழைப்பார். கம்பி தூணில் படாமலிருக்க மரத்தூண்களில் வெள்ளைப் பீங்கான் குமிழ்களை அறைந்து, குதிரையின் முழங்கால் உயரத்துக்கு ஒன்றும் நெஞ்சு உயரத்துக்கு ஒன்றுமாக இரண்டு கம்பிகள் இழுத்தார். கொட்டகையோரத்து முதல் தூணுக்கு மட்டும் மரம் போதாமல், தொழிற்சாலையில் கழித்துப்போட்ட இரும்புக் குழாயை நட்டு, அதிலும் பீங்கான் குமிழை இறுக்கிக் கம்பியை அதன் மேல் விட்டார். இன்னொரு இரும்புக் கம்பியைத் தண்ணீர் ஓடுகிற காணோரத்தில் ஈரமண் பார்த்து அடித்து இறக்கினார். கொட்டகைத் தாழ்வாரத்தில் பெட்டியும் பக்கத்தில் கார் பெட்டரியும். கம்பி குதிரையின் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று பங்களாவின் பழைய வெள்ளைத் துணியைக் கிழித்து இடையிடையே கட்டினார்கள்.

"மல்லி, இது கொல்லாது" என்றார் பாஸ். "மூக்குல ஒரு அடி, அவ்வளவுதான். குதிர ஒரு தரம் படிச்சா மறக்காது. மனுசன்தான் மறக்கும்."

"மழ பெஞ்சா என்னாகும் பாஸ்?"

"மழைக்குப் பயம் வேணா. புல்லு ஒசந்து கம்பில பட்டாதான் மோசம். பெலன் எல்லாம் மண்ணுக்குப் போயிரும். பெட்டி சத்தம் போடும், கம்பில ஒண்டும் இருக்காது. தினம் புல்லு வெட்டு. ஹரி?"

"ஹரி" என்று சிங்களத்திலேயே சரி சொன்னார் அப்பா.

பாஸ் சுவிட்சைப் போட்டார். பெட்டி டிக், டிக் என்று அடிக்கத் தொடங்கியது. அப்பா ஒரு நீளப் புல்லைக் கிள்ளிக் கம்பியில் வைத்துப் பார்த்தார். கை துள்ளியது. அம்மா போட்ட அலறலில் கிழட்டுக் கறுப்புகூட நிமிர்ந்து பார்த்தது. "பார், செத்தாரா? நல்லாத்தானே நிக்கிது" என்று பாஸ் வயிறு குலுங்கச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

அடுத்தது செவலையின் பாடம். அப்பா கம்பிக்கு இந்தப் பக்கம் தவிட்டு வாளியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார். அது நம்பிக்கையாக வந்து மூக்கை நீட்டியது. அடி விழுந்ததும் நாலு காலும் தரையை விட்டு எழும்ப, திரும்பிப் போய் நடுவில் நின்று அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தது. "நான் செய்யல ஆத்தா, தொரை செஞ்சது" என்று அப்பா அதனிடம் சொன்னார். துரை அப்போது அங்கே இல்லை.

அன்று முதல் எங்கள் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. டிக் சத்தம் கேட்டால் அம்மாவுக்குப் பயம், கரண்டு ஓடுகிறதே என்று. ஒரு கணம் கேட்காவிட்டால் அப்பாவுக்குப் பயம், செவலை வெளியே போய்விடுமே என்று. எனக்கு இரண்டு பயமும் இருந்தன. சோற்றைப் பிசைந்துகொண்டே மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டிருப்போம். காலையில் அப்பா சுவிட்சை அணைத்துவிட்டு, மடங்காத காலைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு, கம்பியடிப் புல்லை ஒரு தூண் விடாமல் வெட்டுவார். வெட்டிய புல்லை நான் அள்ளிக் கொட்டகைக்குக் கொண்டுபோவேன்.

அம்மாவுக்கு இதிலே ஒரு குறை பட்டது. எங்கள் தொழிற்சாலை மூலையில் ரோதமுனி இருந்தார். ரோதை என்றால் சக்கரம்; மெசின்களையும் அதில் வேலை செய்கிறவர்களின் கைகாலையும் காக்கிற சாமி. தேங்காய் உடைக்காமல் புது மெசினை யாரும் முடுக்கமாட்டார்கள்.

"மெசின் இருக்கிற எடமெல்லாம் அவரு எடம். ஒங்கப்பா ஒரு கற்பூரம்கூடக் காட்டாம முடுக்கிட்டாரு" என்று அம்மா என்னிடம் சொன்னாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. அப்பா புல் வெட்டி முடித்து, சுவிட்சைப் போடாமலே, தவிடு வாங்கப் பங்களாவுக்குப் போயிருந்தார். செவலையும் கறுப்பும் இன்னும் கொட்டகைக்குள்தான் இருந்தன. அம்மா தலைக்குக் குளித்து, துணித்துண்டை மஞ்சள் தண்ணீரில் நனைத்து, அதில் ஒரு காசை முடிந்து எடுத்துவந்தாள். அப்பாவின் உயிருக்கு அந்த முடிச்சுக் காவல். எதில் கட்டுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தாள். கம்பியில் மட்டும் கட்டினால் தூணில் இருக்கிற சாமி கோபிக்கலாம்; தூணில் மட்டும் கட்டினால் கம்பியில் ஓடுகிற சாமி கோபிக்கலாம். எதற்கு வம்பு என்று, தாழ்வாரத்து நிழலில் இருந்த இரும்புக் குழாயையும் கம்பியையும் சேர்த்து, பீங்கான் குமிழை மூடி இறுக்கிக் கட்டினாள்.

"அப்பாகிட்ட சொல்லிராத பாப்பா. வேண்டுதல வெளிய சொன்னா பலிக்காது."

நான் சொல்லவில்லை. அப்பா வந்து குதிரைகளை மேய விட்டு, சுவிட்சைப் போட்டார். டிக், டிக். எப்போதும் போலத்தான் கேட்டது. எனக்கு அன்று முதல்தடவையாகப் பயம் கொஞ்சம் விலகினமாதிரி இருந்தது.

மத்தியானம் மழை பிடித்து, விட்டு, தூறிக்கொண்டிருந்தது. செவலை வேலியோரமாக வந்து அந்தப் பக்கத்துப் புல்லுக்குக் கழுத்தை நீட்டியதை நான்தான் பார்த்தேன். மூக்குக் கம்பியில் பட்டது. துள்ளவில்லை. மறுபடி பட்டது. பிறகு மெதுவாக நெஞ்சைக் கொடுத்துத் தள்ளியது. தூண் சாய, கம்பியைத் தாண்டிப் போய்விட்டது.

"அப்பா! செவல!"

அப்பா காலை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார். ஈரத்தில் வழுக்கி நேரே கம்பியின் மேல் விழுந்தார். இரண்டு கையும் கம்பியைப் பிடித்திருந்தன. அம்மா வாசலில் நின்று அலறினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அப்பா எழுந்து, கையில் இருந்த கம்பியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி டிக், டிக் என்று அடித்துக்கொண்டேதான் இருந்தது. அம்மா தொழிற்சாலைப் பக்கம் திரும்பி, தலைக்கு மேல் கைகூப்பி, "காப்பாத்திட்டயே முனியப்பா" என்று அழுதாள்.

செவலை நர்சரியை மிதித்துத் துவைத்துவிட்டு, ரோட்டில் வந்த பஸ்ஸை நிறுத்தி, கடைசியில் பசாரில் ஒரு கடை முன்னால் நின்றது. அப்பாவும், பின்னால் ஓடிய நானும் போய்ச் சேர்ந்தபோது, தொங்கவிட்டிருந்த வாழைக்குலையில் பாதி இல்லை.

"வாங்க குதிரைக்காரரே" என்றார் கடை முதலாளி. "ஒங்க மூத்த மக பசின்னு வந்துச்சு. சோறு போடுறதில்லையா வீட்டுல?"

நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்துக்கொண்டே செவலையின் கழுத்தில் கயிற்றைப் போட்டார்.

திரும்பி வந்து குதிரையைக் கட்டினார். சுவிட்சை அணைத்துவிட்டு வேலியை ஒரு சுற்று குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். எங்கும் புல் படவில்லை. இரும்புக் குழாயிடம் வந்ததும் நின்றார். மஞ்சள் முடிச்சைப் பார்த்தார். பிறகு எங்கள் அறையைப் பார்த்தார். உள்ளே அம்மா அவருக்குத் தேத்தண்ணி கலக்கும் சத்தம் கேட்டது. நனைந்த முடிச்சு கையால் வரவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்து, மடியில் சொருகிக்கொண்டார். எனக்குப் பகீரென்றது. சாமிக்குக் கட்டியதை எச்சில் பட அவிழ்க்கலாமா?

துரை குடையோடு வந்தார்.

"ஏன் கரண்டு இல்ல?"

"புல்லு வெட்டலங்க தொரை. கால் நோவுன்னு விட்டுட்டேங்க."

நான் வாயைத் திறந்தேன். அன்று காலை வெட்டிய புல்லை அள்ளிப் போட்டவள் நான். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். துரை குனிந்து புல்லைப் பார்க்கவில்லை.

"நாளைக்கு மலைக்குப் போ" என்று மட்டும் சொன்னார்.

லயத்துக்குச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு போகும்போது எனக்கு அப்பா மேல் ஆத்திரமாக வந்தது. முடிச்சை அவிழ்த்தார், உடனே தண்டனை வந்துவிட்டது. அதிலும் செய்த வேலையைச் செய்யவில்லை என்று அவரே சொல்லிக்கொள்கிறார். சாமி கெடுத்த புத்தி என்றுதான் நினைத்தேன். அம்மா முடிச்சைத் தேடிப் பார்த்துவிட்டு, வேண்டுதலை ஏற்று முனியே எடுத்துக்கொண்டார் என்று நம்பினாள். கம்பியைக் கட்டிப் பிடித்தும் தன் புருஷனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற கதையை லயத்தில் எல்லாரிடமும் சொல்வாள். பக்கத்தில் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும் அப்பா, "ஆமா, ஒண்ணும் ஆகல" என்பார். அந்தக் காலோடு பல வருஷம் மலை ஏறினார். இரண்டு பேரும் இப்போது இல்லை.

என் மகளைக் கட்டிக்கொடுத்த ஊரில் யானைக்குக் கரண்டு வேலி போட்டிருக்கிறார்கள். ஒரு நாள் அங்கே ஒருவர் கம்பியில் படர்ந்த கொடியை வெட்டிக்கொண்டிருந்தார். ஈரக் கொடி ஒன்று பட்டாலே கரண்டு மண்ணுக்குப் போய்விடும் என்றார். நான் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் நான் படிக்காதவள், அவர் சொன்னதைச் சரியாகப் புரிந்துகொண்டேனா தெரியாது. உள்ளங்கை அளவு நனைந்த துணிக்கு அத்தனை பெரிய வேலியின் பலத்தை இறக்க முடியுமா? பெட்டரி தேய்ந்திருக்குமோ, பாஸ் எங்காவது கம்பியைச் சரியாகக் கட்டவில்லையோ? அவிழ்த்த பிறகு அப்பா கம்பியைத் தொட்டுச் சோதித்ததாக எனக்கு நினைவில்லை. முடிச்சைப் பார்த்தார், அறையைப் பார்த்தார், அவ்வளவுதான். முடிச்சுக் காரணம் இல்லையென்றால் அவர் அந்த மலையைச் சும்மா ஏறியிருக்கிறார். காரணம்தான் என்றால் அவரை மலைக்கு அனுப்பியது அம்மா. இரண்டில் எதைக் கேட்க விரும்புகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. இருந்தாலும் கரண்டு வேலை தெரிந்தவர்கள் யாராவது இதை வாசித்தால், விவரம் சரியா என்று பார்த்துச் சொல்லவும்.